எண்ணிக்கை புகழாகுமா?

புகழ் வேறு, பரபரப்பு வேறு. புகழ் செயலின் பயனாக வருவது. பரபரப்பு கூட்டத்தின் இரைச்சலாக எழுவது. செயலை மக்கள் மறவாதிருக்கும் வரை புகழ் நிற்கும். கூட்டம் கலைந்த மறுகணமே இரைச்சல் அடங்கிவிடும். இந்த வேறுபாட்டைத் தமிழர் நேற்று இன்று கற்றவர் அல்லர். திருவள்ளுவர் இல்லறவியலின் இருபது அதிகாரங்களுள் இறுதியாகவே புகழை வைத்தார். அதற்கு முன் ஈகையை வைத்தார். அதற்கும் முன் ஒப்புரவை வைத்தார். ஊருக்கு உதவி, இல்லாதவர்க்கு ஈந்து, அதன் பின்னரே புகழ் என்பது அவ்வரிசை உணர்த்தும் பாடம். வாயிற்படியிலேயே நின்று புகழைக் கேட்பவனுக்கு அந்த அமைப்பில் இடமே இல்லை.

குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் எவருக்கும் தெரியாது. பாட்டில் அவர் ஆண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று முன்னோர் அழைத்தனர். அவருடைய முகம் தெரியாது, ஊர் தெரியாது, பெற்றோர் இட்ட பெயரும் தெரியாது. ஆயினும் பாட்டு வாழ்கிறது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் அதனைப் படித்து உள்ளம் நெகிழ்கின்றனர். இன்றைய நிலையோ இதற்கு நேர் எதிர். முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது, அவர் உண்ட உணவும் உடுத்த உடையும் தெரிகின்றன, எத்தனை பேர் விரும்பினர் என்னும் எண்ணிக்கையும் தெரிகிறது. அவர் செய்த செயல் யாது என்பது மட்டும் தெரிவதில்லை. படத்தை இணையத்தில் ஏற்றி, விருப்பக் குறிகளை எண்ணி, அவ்வெண்ணிக்கையைப் புகழ் என்று நம்பும் இந்த மயக்கம், மலேசியத் தமிழ்ச் சமுதாயத்தின் வேரையே அரிக்கத் தொடங்கியுள்ளது. அதனைக் கண்டும் காணாதிருப்பது தமிழாசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும் அழகன்று.

அன்றைய படம்

நிழற்படத்தைத் தமிழர் பகைத்தவர் அல்லர். தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பம், பல மாதக் கூலியில் மிச்சம் பிடித்து நகரத்துப் படக்கடைக்குச் சென்றது. தந்தை நாற்காலியில் அமர, தாய் அருகில் நிற்க, பிள்ளைகள் உயர வரிசையில் நிற்க, ஒரே ஒரு படம் எடுக்கப்பட்டது. அப்படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், தேதி எல்லாம் மையால் எழுதப்பட்டன. ஒரு படி வீட்டுச் சுவரில் சாமிப் படங்களுக்கு அருகில் தொங்கியது. மற்றொரு படி கடிதத்துடன் உறையில் இடப்பட்டுக் கடல் கடந்தது. நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் இடையே பல பதிற்றாண்டுகள் ஓடிய 'ரஜூலா' போன்ற கப்பல்கள் மனிதரை மட்டுமா சுமந்தன? மகனின் முகத்தைக் காணாது காத்திருந்த தாய்மார்க்கு அம்முகத்தையும் சுமந்தன. அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றும் 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்றும் வழங்கும் துறையில் இறங்கியவர்களின் வரலாற்றில், இத்தகைய படங்களுக்குத் தனி இடம் உண்டு.

அப்படத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்று எவரும் எண்ணவில்லை. பார்க்க வேண்டியவர் பார்த்தார், அது போதுமாயிருந்தது. ஒரு முகத்திற்கும் அதனை நேசித்த ஒரு நெஞ்சிற்கும் இடையே பாலமாக நின்றதே அன்றைய படம். அதில் பொய் இல்லையோ எனின், இருந்தது. இரவல் கடிகாரமும் படக்கடையின் கோட்டும் பல படங்களில் உண்டு. ஆனால், அந்தச் சிறு பொய்யின் நோக்கம் ஊரில் இருந்தவர் கவலைப்படக் கூடாது என்பதே. பிறரைப் பொறாமையில் ஆழ்த்துவதற்காக அக்கோட்டு அணியப்படவில்லை.

எண்ணும் எந்திரம்

படம் பகிரும் பழக்கம் தானாகத் தரம் கெட்டதன்று. அதனை எண்ணிக்கையோடு பிணைத்த பிறகே தரம் கெட்டது. 2004ஆம் ஆண்டில் பிளிக்கர், முகநூல் ஆகிய இரண்டும் தோன்றின. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் முகநூல் விருப்பக் குறியை அறிமுகப்படுத்தியது. 2010ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் இன்ஸ்டாகிராம் வெளிவந்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனை வாங்க முகநூல் 100 கோடி டாலர் பேசியது. அந்நாளில் அந்நிறுவனத்தில் பணிபுரிந்தவர் 13 பேரே. பதின்மூன்று பேரின் உழைப்பா 100 கோடி டாலர் பெறும்? அன்று. கோடிக்கணக்கானோர் கூலியின்றிக் கொண்டுவந்து குவித்த படங்களும், அப்படங்களைப் பார்க்க அவர்கள் செலவிட்ட பொழுதுமே அவ்விலைக்கு உரியவை. பால்மரத் தோட்டத்தில் கூலி குறைவாயினும் கூலி என்று ஒன்று இருந்தது. இத்தோட்டத்திலோ கூலியே இல்லை. கூலிக்குப் பதிலாகச் சிவப்பு நிறத்தில் ஒரு நெஞ்சுக் குறி தரப்படுகிறது. அதனைப் பெற்றவர் மேலும் உழைக்கிறார்.

இந்நிறுவனங்களின் வருவாயில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. பார்ப்பவர் கண் திரையை விட்டு அகலாதிருந்தால்தான் விளம்பரம் விற்கும். கண் அகலாதிருக்க வேண்டுமெனில், பதிவிட்டவர் மீண்டும் மீண்டும் வந்து எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஆகவே எண்ணிக்கை என்பது புகழின் அளவுகோல் அன்று, தூண்டிலின் இரை. இதனை அந்நிறுவனமே ஒருவாறு ஒப்புக்கொண்டது எனலாம். 2019ஆம் ஆண்டில் கனடாவிலும் பின்னர் ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலிய நாடுகளிலும் விருப்பக் குறிகளின் எண்ணிக்கையை மறைத்துப் பார்க்கும் சோதனையை இன்ஸ்டாகிராம் நடத்தியது. 2021ஆம் ஆண்டில், வேண்டுவோர் மறைத்துக் கொள்ளலாம் என்று எல்லார்க்கும் அறிவித்தது. தீங்கில்லாத ஒன்றை மறைத்துப் பார்க்க எவரேனும் முயல்வரோ? நிறுவனம் வழி விட்டது. ஆயினும் அவ்வழியே சென்று எண்ணிக்கையை மறைத்துக் கொண்டோர் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தம் சுற்றத்தாரைக் கேட்டு அறியலாம்.

கோலாலம்பூர் கண்ட பாடம்

இணையத்தில் ஏற்றிய படம் என்றும் அழியாது என்பது பலரது நம்பிக்கை. இந்நம்பிக்கை பொய் என்பதற்குச் சான்று தேடி அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை, கோலாலம்பூரிலேயே உண்டு. 2002ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோன்றிய பிரண்ட்ஸ்டர் என்னும் சமூக வலைத்தளம் மலேசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் இளைஞர், தம் படங்களையும் நண்பர் எழுதிய பாராட்டு மொழிகளையும் அதில் சேர்த்து மகிழ்ந்தனர். 2009ஆம் ஆண்டு டிசம்பரில் மலேசியாவின் எம்.ஓ.எல். குளோபல் நிறுவனம் அதனை வாங்கியது. பின்னர் அதன் தலைமையகமே கோலாலம்பூருக்கு வந்தது.

அதன் பின் நிகழ்ந்தது யாது? தளத்தை விளையாட்டுத் தளமாக மாற்றுவதென முடிவாயிற்று. படங்களை எடுத்துக்கொள்ளச் சிறிது காலம் தரப்பட்டது. 2011ஆம் ஆண்டு மே 31ஆம் நாளோடு பயனர்களின் படங்களும் கருத்துரைகளும் பாராட்டு மொழிகளும் அழிக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் தளத்தின் சேவையே நிறுத்தப்பட்டது. அறிவிப்பைக் கண்டு விரைந்தவர் தம் படங்களைக் காத்துக்கொண்டனர், காணாதவர் இழந்தனர். அந்நாளில் ஒருவர் மற்றொருவர்க்கு எழுதிய பாராட்டுகள் இன்று எங்கே? பல நூறு நண்பர்களைச் சேர்த்துப் பெருமைப்பட்ட எண்ணிக்கை எங்கே? வணிகம் திசை மாறியபோது நினைவுகள் சுமையாகிவிட்டன. சுமை இறக்கி வைக்கப்பட்டது. இதில் சட்டப் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. பிறர் நிலத்தில் வீடு கட்டியவர், நிலத்துக்குரியவர் வெளியேறச் சொல்லும்போது அழுது பயனில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இந்த உண்மையைக் குருதியும் கண்ணீருமாகக் கற்ற சமுதாயம், இணையத்தில் அதனை மறந்ததேன்?

இதனோடு அச்செழுத்தின் நிலையை ஒப்பிடலாம். 1924ஆம் ஆண்டில் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டில் நின்றது, அது பேரிழப்பே. எனினும் அதன் பழைய தாள்களை வைத்திருக்கும் வீடுகளும் நூலகங்களும் உள. 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றிய 'தமிழ் முரசின்' பழைய இதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் பாதுகாத்துப் படிக்கத் தருகிறது. தாளில் வந்த செய்திக்கு எவரும் விருப்பக் குறி இடவில்லை. ஆயினும் அது நிற்கிறது. கோடிக் குறிகள் பெற்றவை காற்றோடு போயின.

பத்துமலைப் படிகள்

பத்துமலையின் வரலாறு உழைப்பின் வரலாறு. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் குகையில் முருகன் வழிபாடு நிலைபெற்றது. 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் 272 சிமெண்டுப் படிகள் எழுந்தன. 2006ஆம் ஆண்டு சனவரியில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறந்துவைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில், குடமுழுக்கை ஒட்டிப் படிகளுக்குப் பல வண்ணம் பூசப்பட்டது. வண்ணப் படிகளின் படங்கள் சில நாள்களில் உலகெங்கும் பரவின. மரபுடைமைத் தலமாகிய அங்கு இப்பணிக்கு முன் அனுமதி பெறப்படவில்லை என்று தேசிய மரபுடைமைத் துறை சுட்டிக்காட்டியதும் அதே காலத்தில்தான்.

வண்ணம் பூசியது குற்றமா, அழகா என்பது ஈண்டு வழக்கன்று. கோயில் கோபுரங்களும் வண்ணம் பூண்டவையே. அதன் பின் விளைந்தது யாது என்பதே வினா. வண்ணப் படியில் நின்று படம் எடுத்துக்கொள்வதையே நோக்கமாகக் கொண்டு வருவோர் பெருகினர். அயல்நாட்டார் அவ்வாறு வருவதைக் குறை கூற வேண்டா. அவர்க்கு அது கண்கவர் இடம். தமிழ் இளைஞரும் அவ்வாறே வந்து, அவ்வாறே நின்று, குகைக்குள் நுழையாமலே திரும்புவராயின், அதற்கு யாரை நோவது? படிகளின் நிறத்தை உலகம் அறிந்தது. அப்படிகளுக்கு வித்திட்டவர் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகளே அறியவில்லை எனில், அங்கே பரவியது புகழா, வெறும் நிறமா?

தைப்பூச நாளின் காட்சி இதனினும் வருத்தம் தருவது. நேர்த்திக்கடன் என்பது நேர்ந்தவர்க்கும் தெய்வத்திற்கும் இடைப்பட்ட உடன்படிக்கை. நோயுற்ற குழந்தைக்காக, வேலையிழந்த கணவனுக்காக, வாய்விட்டுச் சொல்ல இயலாத துயருக்காக ஒருவர் நோன்பிருந்து காவடி எடுக்கிறார். அருள் வந்து ஆடும் அம்முகத்தின் முன் பத்துக் கைபேசிகள் நீளுகின்றன. கண்ணீர் மல்கும் தாயின் முகமும் அலகு குத்திய நாவும் முன்பின் அறியாதவரின் பக்கத்தை அலங்கரிக்கின்றன. படம் எடுத்தவர்க்கு அது விருப்பக் குறி; எடுக்கப்பட்டவர்க்கு அது வாழ்வின் ஆழ்ந்த நொடி. அந்நொடியைக் கேளாமல் எடுத்துச் செல்வதற்குக் களவு என்பதன்றி வேறு பெயர் உண்டோ? கருவறையில் படம் எடுக்கலாகாது என்று முன்னோர் தடுத்தது மூடத்தனத்தால் அன்று. பார்க்க வேண்டியவை சில, பதிக்க வேண்டியவை சில என்னும் தெளிவால் எனலாம்.

கொடையும் கேமராவும்

2010ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தனர். இன்ஸ்டாகிராம் வெளிவந்த அதே மாதம் அது. தோரண வாயிலும் வண்ண வளைவுகளும் எழுந்தன. ஜாலான் துன் சம்பந்தன் படம் எடுப்பதற்கு ஏற்ற வீதியாயிற்று. அதே பிரிக்பீல்ட்ஸில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர் முதலிய அரசுப் பணியாளர்க்காகக் கட்டப்பட்டு, ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்று வழங்கிய வரிசை வீடுகள் அதற்குப் பிந்திய சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டன. இரயில் பாதையை உழைத்து உருவாக்கிய தலைமுறையின் சுவடு அவ்வீடுகளில் இருந்தது. புதிய வளைவின் கீழ் நின்றவர் பல்லாயிரவர். மறைந்த வீடுகளில் வாழ்ந்தவர் யார், எவ்வாறு வாழ்ந்தனர் என்று குறித்து வைத்தோர் சிலரே. எது அழகாகத் தெரிகிறதோ அதுவே பதிவாகும்; எது பொருளுடையதோ அது விடுபடும். எண்ணிக்கையை நாடும் கண்ணுக்கு நேரும் முதற் குருட்டுத்தன்மை இதுவே.

இரண்டாம் குருட்டுத்தன்மை கொடையில் காணப்படுகிறது. தீபாவளி நெருங்கும் நாளில் ஏழைக் குடும்பத்திற்கு அரிசியும் எண்ணெயும் வழங்கப்படுகின்றன. பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளுக்குப் பை வழங்கப்படுகிறது. நற்செயலே, ஐயமில்லை. ஆனால் வழங்குபவர் கை பொருளை விடுவதில்லை. படம் சரியாக விழும் வரை ஒரு முனையை அவர் பிடித்திருக்கிறார். மறுமுனையைப் பிடித்தபடி ஒரு தாய் தலைகுனிந்து நிற்கிறாள். அவள் மகன் அடுத்த நாள் பள்ளிக்குச் செல்கிறான். அவன் வீட்டின் வறுமையை வகுப்பு முழுதும் கைபேசியில் கண்டுவிட்டிருக்கிறது. ஒரு மூட்டை அரிசிக்கு அக்குடும்பம் தந்த விலை எவ்வளவு? ஈகைக்குப் பின் புகழ் வரும் என்றார் வள்ளுவர். புகழுக்காக ஈகையை நடத்திக் காட்டுமாறு அவர் கூறினாரல்லர். வரவு செலவைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்று சில அமைப்பினர் விடை கூறுவர். கணக்கைக் காட்டுவதற்குக் கணக்கேடு உண்டு, பற்றுச்சீட்டு உண்டு, தணிக்கை உண்டு. ஏழையின் முகம் பற்றுச்சீட்டு ஆகாது.

வகுப்பறையின் துயரம்

இம்மயக்கத்தின் முழுச் சுமையும் இளையோர் தலையில் விழுகிறது. கைபேசிச் செயலிகளில் முகத்தை மாற்றும் வடிப்பான்கள் உள. அவற்றுள் பல, மாநிறத்தை வெளுக்கச் செய்கின்றன, மூக்கைக் கூராக்குகின்றன, கண்ணை அகற்றுகின்றன. தமிழ்ச் சிறுமி தன் முகத்தை அதில் இட்டுப் பார்க்கிறாள். செயலி திருத்தித் தரும் முகத்திற்கு நூறு குறிகள். தாயும் பாட்டியும் தந்த முகத்திற்குப் பத்துக் குறிகள். அவள் கற்கும் பாடம் யாது? தன் நிறம் ஒரு பிழை என்பதே. கறுப்பைக் குறைத்து மதிக்கும் பழைய நோய் தமிழர் வீடுகளில் முன்பே உண்டு. அந்நோய்க்கு இப்போது எண்ணிக்கை என்னும் சான்றிதழும் கிடைத்துவிட்டது. 2021ஆம் ஆண்டில் வெளியான முகநூல் நிறுவனத்தின் உள் ஆவணங்கள், தம் உடலைப் பற்றித் தாழ்வாக உணர்ந்த பதின்ம வயதுச் சிறுமியருள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வுணர்வை மேலும் மோசமாக்கியதாகக் கூறினர் என்று காட்டின. வெளியார் சுமத்திய பழியன்று அது; நிறுவனமே நடத்திய ஆய்வின் முடிவு.

எண்ணிக்கை தரும் கூட்டம், எறியும் கல்லையும் தரும். 2024ஆம் ஆண்டு ஜூலையில், சமூக ஊடகத்தில் பலரறிந்த தமிழ்ப் பெண் ஒருவர் கோலாலம்பூரில் உயிர் நீத்தார். தமக்கு நேர்ந்த இணையவழி மிரட்டலைக் குறித்து அவர் காவல் துறையில் புகார் செய்திருந்தார். அவரை இழிவுபடுத்தியோருள் ஒருவர்க்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். அன்றைய சட்டத்தின் அப்பிரிவு அவ்வளவே இடம் தந்தது. நாடே கொதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்திப் பகடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் திருந்தியது, சமுதாயம் திருந்தியதா? அப்பெண்ணை ஏசிய மொழி எது? தமிழ். ஏசியதைப் பார்த்தவர், சிரித்தவர், பிறர்க்கு அனுப்பியவர் யார்? தமிழர். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டுக் குடிமக்களுள் இந்தியர் 6.7 விழுக்காடு. அத்துணைச் சிறிய சமுதாயம் தன் பெண்ணைத் தன் மொழியாலேயே காயப்படுத்தி, அதற்குப் பார்வையாளர் எண்ணிக்கையும் சேர்த்துப் பார்த்ததெனில், இதனினும் வெட்கம் வேறு உண்டோ? தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவோர், கைபேசியில் தமிழ் எவ்வாறு வாழ்கிறது என்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மறுப்பார்க்கு மறுமொழி

இவ்வாறு கூறுவோரைப் பழமைவாதிகள் என்று தள்ளுவோர் உண்டு. அவர் கூறும் காரணங்களை ஆராயாமல் ஒதுக்குவது முறையன்று.

கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் மாலை தொடுப்பவரும் முறுக்கு விற்பவரும் படம் ஏற்றிப் புதிய வாடிக்கையாளரைப் பெறுகின்றனர் என்பர். உண்மை. அவர் பூவைக் காட்டுகிறார், பூவை விற்கிறார். காட்டியதும் விற்பதும் ஒன்றே ஆதலின் அதில் வஞ்சனை இல்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு நிலவியபோது, திருமணத்தையும் இறுதிச் சடங்கையும் படத்தின் வழியாகவே உறவினர் கண்டனர் என்பர். அதுவும் உண்மை. அன்று படம் மீண்டும் பாலமாயிற்று. கப்பலில் சென்ற கடிதப் படத்தின் பணியை அது செய்தது. 1904ஆம் ஆண்டில் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டத்தை எதிர்த்து 2014ஆம் ஆண்டில் குரல் எழுந்தபோது, இணையமும் அக்குரலுக்குத் துணை நின்றது என்பர். இதனையும் மறுப்பதற்கில்லை.

இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பூக்காரர்க்குப் பிழைப்பு நோக்கம். உறவினர்க்கு அன்பு நோக்கம். ஆசிரமத்தைக் காக்க முனைந்தோர்க்கு மரபு நோக்கம். எண்ணிக்கை அவர்க்குக் கருவி; கருவி நோக்கத்திற்கு அடங்கி நின்றது. நோக்கம் நீங்கி எண்ணிக்கையே நோக்கமாகும்போது, அதே கருவி எசமானாகிவிடுகிறது. கத்தி காய் நறுக்கும் என்பதற்காகக் குழந்தை கையில் அதனைத் தருவார் இல்லை. ஆகவே மறுப்பார் கூறும் சான்றுகள் படத்திற்குச் சார்பாகின்றன; எண்ணிக்கைக்குச் சார்பாகா.

இன்னொரு வாதமும் உண்டு. பத்திரிகைகள் குறைந்துவிட்ட இந்நாளில் சிறுபான்மை இனம் தன் முகத்தைக் காட்ட இணையத்தை விட்டால் வேறு இடம் ஏது என்பது அது. வலிமையான வாதம். ஆயின், காட்டப்படுவது எம்முகம்? தோட்டத்திலிருந்து நகரத்திற்குப் பெயர்ந்த கதை, தமிழ்ப் பள்ளிகளின் கதை, கூட்டுறவுச் சங்கத்தின் கதை ஆகியவை குறிகளைப் பெறுவதில்லை. ஆதலால் அவை ஏற்றப்படுவதும் அரிது. எது பரபரப்பாகுமோ அதுவே முகமாகக் காட்டப்படுகிறது. பிறர் அதனையே தமிழர் முகம் என்று கொள்கின்றனர். முகத்தைக் காட்ட வந்த இடத்தில் முகமூடி விற்பனையாகிறது.

செய்ய வேண்டுவன

நோயைக் கூறி மருந்தைக் கூறாதிருப்பது அறிவுடைமையன்று. கைபேசியைப் பறிப்பது மருந்தாகாது. பறித்த கை அகன்றதும் பழக்கம் திரும்பும். ஆஸ்திரேலியா 2025ஆம் ஆண்டு டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. சட்டம் வாயிலைக் காக்கும். உள்ளத்தைக் காப்பது கல்வி ஒன்றே. அதனைத் தரும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டு. அவர்க்கு அதற்குரிய கருவிகளும் உண்டு.

மாணவன் ஒரு படத்தைப் பகிரும் முன், அதில் இருப்பவர் யார், இடம் எது, நாள் எது, ஏன் எடுக்கப்பட்டது, எடுக்கப்பட்டவர் இசைந்தாரா என்னும் ஐந்து வினாவிற்கும் தமிழில் விடை எழுதப் பழக வேண்டும். தாத்தா காலத்துப் படத்தின் பின்புறத்தில் இவ்விடைகளுட் பல மையால் எழுதப்பட்டிருந்தமையை அவனுக்குக் காட்டலாம். விடை எழுத இயலாத படம் பகிரத் தகாதது என்பதை அவன் தானே உணர்வான். கட்டுரைப் பயிற்சிக்கும் இதனினும் சிறந்த பொருள் கிடைப்பது அரிது.

நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தின் பழைய படங்களை வீடுதோறும் கேட்டுப் படியெடுத்து, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, தாளில் அச்சிட்டு ஓர் ஏடாகத் தொகுத்தால், பத்தாண்டில் மலேசியத் தமிழர் வரலாற்றுக்கு ஈடில்லாக் கருவூலம் உருவாகும். எந்த நிறுவனம் திசை மாறினாலும் அது அழியாது. எழுத்தாளர் அமைப்புகள் இதற்கு வழிகாட்டலாம். கோயில் நிருவாகத்தினர், அருள்நிலையில் இருப்போரை அவர் இசைவின்றிப் படம் எடுத்தலாகாது என்று பலகை வைக்கலாம். அறக்கொடை அமைப்பினர் பொருளைப் படமெடுக்கட்டும்; பெறுவோர் முகத்தை விட்டுவிடட்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டா; அரசின் ஆணையும் வேண்டா. சற்றே நாணம் இருந்தால் போதும்.

எவரேனும் ஒருவர் தம் வீட்டுப் பெட்டியில் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்க்கட்டும். மூலைகள் மடிந்து, நிறம் மங்கி, பின்புறத்தில் கோணல் எழுத்தில் ஒரு பெயரும் தேதியும் இருக்கும். அப்படத்தை விரும்பியோர் எத்தனை பேர் என்று அதில் எழுதப்பட்டிராது. எனினும் கடல் கடந்து, வீடு மாறி, தலைமுறை தாண்டி அது வந்து சேர்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதனை எறிய மனமின்றிக் காத்திருக்கிறார். அவ்வாறு காக்கப்படுவதே புகழ். இன்று ஏற்றப்படும் படங்களுள் எத்தனையை நாளைய பேரன் எறிய மனமின்றிக் காப்பான்? அக்கேள்விக்கு விடை தரக்கூடியவரே எண்ணட்டும். மற்றவர் எண்ணுவதை நிறுத்தட்டும்.